கூடவே ஒருத்தர் இருக்கணும்

பல்லைப் பிடுங்கிக்கொள்வது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவு செய்தது பல்வலிக்காக மட்டும் அல்ல. பெண்டாட்டிக்காகவும்தான்.

பெண்டாட்டி எங்கேயும் போய்விடவில்லை. முன்னறையில்தான் இருந்தாள். ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரு தையல் மெஷின் இருந்தது. பள்ளிச் சீருடையும் ஆஸ்பத்திரித் திரைச்சீலையும் மலைபோல் குவிந்துகிடக்கும். அவர் ஏதாவது பேச வாயெடுத்தால் "ம்" என்பாள். அதற்குமேல் சொல்ல முடியாது, வாயில் குண்டூசி இருக்கும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், "நீங்க இல்லாம வீடே பிடிக்கலை" என்று சொன்னாள். அதை இன்னொரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று மனுஷர் ஏங்கிக் கிடந்தார். வாய்விட்டுக் கேட்கவும் வெட்கம்.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரம்மா கேட்டார்: "பயமா இருக்கா சார்?"

அந்தரத்தில் லிஃப்டின் தலைமேல் ஏறி நிற்கிறவர் அவர். இருந்தாலும், "லேசா" என்றார்.

"மூணு வழி இருக்கு. மூக்குல மாஸ்க் வெச்சு வாயு கொடுப்போம். மிதக்கற மாதிரி இருக்கும். முடிஞ்சதும் தெளிஞ்சிடும், தனியாவே வீட்டுக்குப் போயிடலாம்."

"தனியாவா? ஐயோ, வேண்டாம்."

"மாத்திரை இருக்கு. தூக்கக் கலக்கமா இருக்கும். கூட்டிட்டுப் போய்ப் பாத்துக்க ஒருத்தர் வேணும்."

"எவ்வளவு நேரம் பாத்துப்பாங்க?"

"தெளியற வரைக்கும். இல்லைன்னா, கையில ஊசி வழியா மருந்து ஏத்தலாம். மயக்கம் இல்லை, ஆனா ஒரு கவலையும் தெரியாது. அன்னிக்குப் பூரா பக்கத்துலயே ஒருத்தர் இருந்தாகணும்."

"அதையே போடுங்க!"

டாக்டரம்மா மேற்கொண்டு என்னென்னவோ விளக்கினார். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். 'பக்கத்துலயே' என்பதைத் தாண்டி அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை.

வீட்டில் விசாரணை நடந்தது.

"லிஃப்ட் மேல நிக்கறவருக்குப் பல்லுன்னா பயமா?"

"நினைச்சாலே நடுங்குதும்மா."

"தலைக்குமேல வேலை கிடக்கு. உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போங்களேன்."

"அவன் மூஞ்சியப் பாத்தா இன்னும் பயம் ஜாஸ்தியாகும்."

அவள் வாயிலிருந்து குண்டூசியை எடுத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, வரேன்."

பல் பிடுங்குகிற அன்றைக்கு மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வந்தாள். டாக்டரம்மாவின் நாற்காலியில் அவர் சாய்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறியது. ஆஹா, இனி நாள் முழுக்க இப்படித்தான் என்று நினைத்தார்.

கண்ணைத் திறந்தால் தன் வீட்டுக் கட்டில். ஜன்னலில் மாலை வெயில். வாயில் பஞ்சு. பக்கத்தில் அவள் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ பிடுங்குவாங்க?"

"பிடுங்கியாச்சு. வழி பூரா வாய் ஓயாம பேசிட்டு வந்தீங்களே!"

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே!"

"இருக்காது. இந்த மருந்து போட்டா நடந்தது மறந்துடும்னு டாக்டரம்மா முன்னாடியே சொன்னாங்களாம். நீங்க பெரிசாத் தலையாட்டினீங்களாம்."

"நான் என்ன பேசினேன்?"

"பல்லுக்கெல்லாம் பயமே இல்லை, உன்னைக் கூட வெச்சுக்கத்தான் பொய் சொன்னேன்னு உளறினீங்க. நீ பேசாம இருக்கறதுதான் பயமா இருக்குன்னு அழுதீங்க. கையை விடவே இல்லை."

மானம் போனது. போகட்டும். "அதுக்கு நீ என்ன சொன்னே?"

"கல்யாணமான புதுசுல சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். நீங்க கேக்கக் கேக்க, வீடு வர்ற வரைக்கும் சொல்லிட்டே வந்தேன். கார் ஓட்டினவருக்கே வெட்கமாப் போச்சு."

அவளுக்கும் முகம் லேசாகச் சிவந்திருந்தது. அத்தனை வருஷ ஏக்கம் தீர்ந்துபோயிருக்கிறது, அவருக்குத் தெரியாமலே.

"இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லேன்."

அவள் நூலைக் கடித்து அறுத்தாள். எழுந்து முன்னறைக்கு நடந்தாள்.

"பொய் சொல்லி மெஷினை நிறுத்தினவருக்கு அது போதும். அடுத்த பல் பிடுங்கறப்போ சொல்றேன். இதே ஊசி போட்டுக்கிட்டு வாங்க."

மெஷின் ஓடத் தொடங்கியது. மெக்கானிக் மரத்துப்போன நாக்கால் மிச்சப் பற்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பாழாய்ப் போனவை, ஒன்றுகூட ஆடவில்லை.