தாமிர வளையமும் ஒரு கட்டைவிரலும்

மின் உதிரிபாகக் கடைகளுக்கு மேல்மாடியில் எள் போட்டால் எள் விழாது. மின்னானந்தர் எழுந்தருளியிருக்கிறார்! போன வருஷம் வரை கீழே பழைய ரேடியோ விற்றவர்தான். வியாபாரம் படுத்துக்கொண்டது; ஞானம் எழுந்துகொண்டது.

கூட்டத்தில் எல்லாரும் ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே மின்கருவி செய்து பார்க்கிறவர்கள். கணக்கு வாத்தியார், பல் டாக்டர், வங்கி மேனேஜர். படித்தவர்கள்தான். பரீட்சைக்குப் படித்தவர்கள்.

தையல்கடைக்காரியும் மாமியாரோடு வந்திருந்தாள். மாமியாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போன மாதம் கீழ்வீட்டில் தீப்பிடித்தபோது, ஊரே கதவைத் தட்டியும் அவருக்குத் தெரியவில்லை. பூட்டை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து மருமகளுக்குத் தூக்கமில்லை. வாசல்மணியை அழுத்தினால் கூடத்தில் விளக்கு மின்ன வேண்டும், அதற்கொரு கருவி செய்ய உட்கார்ந்தாள். இரண்டு மின்சுற்றுப் போர்டு புகைந்து போயிற்று. மூன்றாவது கையில் இருக்கிறது. கடையில் அதுதான் கடைசி.

"என்னடி இது, இலவசமா எதாவது குடுக்கறானா?" என்று மாமியார் மாடி அதிரக் கேட்டார். மருமகள் உதட்டில் விரல் வைத்தாள்.

மின்னானந்தர் வாயைத் திறந்தார்.

"போர்டு கருகுதா? உங்க தப்பில்ல. கரண்டுக்குக் கோபம்!"

"ஆமா சாமி!" என்றார் மேனேஜர், யாரோ தன் வேலையை நிரந்தரமாக்கிவிட்ட மாதிரி.

மேசைமேல் பட்டுத்துணி போர்த்திய அடாப்டர். துணிக்கு வெளியே இரண்டு ஒயர். ஒரு போர்டில் தொட்டார். டப்! புகை. கூட்டம் "ஐயோ" என்றது. அடுத்து, வலது கையில் அவர் விற்கும் தாமிர வளையம் சுழன்றது. இடது கை ஆசீர்வாதம் செய்யத் துணிக்குள் போனது.

"வாட்டே வாட்டே வந்துடு, சூடே சூடே போயிடு! எல்லாரும் கண்ண மூடுங்க!"

மூடினார்கள். திறந்தபோது, வேறொரு போர்டில் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. கைதட்டல்.

"சாமி, போன தடவை ஒயர்ல வளையம் கட்டியும் கருகிடுச்சே?" என்றார் கணக்கு வாத்தியார்.

"எத்தனை ஒயர்?"

"ரெண்டு."

"எத்தனை வளையம்?"

"ஒண்ணு."

"நீயெல்லாம் கணக்கு வாத்தியாரா?"

வாத்தியார் வெட்கப்பட்டு இன்னொன்று வாங்கினார்.

மருமகளின் முறை வந்தது. மணிப் பொத்தானும் விளக்கும் பொருத்திய கடைசி போர்டை நீட்டினாள்.

"முதல்ல கோபம் எவ்வளவுன்னு பாக்கணும்," என்று இடது கையைத் துணிக்குள் விட்டுக்கொண்டே ஒயரைப் போர்டுக்குக் கொண்டுபோனார்.

படக்கென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார் மாமியார்.

"துணிக்குள்ள எதைடா திருகறே?"

"அம்மா! இது தெய்வக் குத்தம்! சாபம் விட்டுடுவேன்!"

"என்னடி சொல்றான்?"

சாபமாம் என்று மருமகள் கையால் காட்டினாள்.

"விடச் சொல்லு. எனக்குத்தான் கேக்காதே!"

அதே வேகத்தில் துணியை உருவினார். உள்ளே ஒரு சாதாரண அடாப்டர். அதில் ஒரு திருகு. சுற்றிலும் மூன்று, ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு என்று வோல்ட் எண்கள். முள் பன்னிரண்டில் நின்றது.

மருமகளுக்குச் சுரீரென்றது. வீட்டிலும் இதே அடாப்டர்தான். புருஷன் குட்டி மின்விசிறிக்காகப் பன்னிரண்டில் திருகிவிட்டு அப்படியே விட்டுவிடுவான். போர்டின் நெற்றியிலோ 'ஐந்து வோல்ட்' என்று அச்சடித்திருக்கிறது. பைக்குள் வோல்ட் அளக்கும் மீட்டர் இருக்கிறது, அதையும் தாயத்து மாதிரி சுமந்துதான் திரிந்திருக்கிறாள், ஒருநாளும் அளந்ததில்லை.

மீட்டரை எடுத்து ஒயரில் வைத்தாள். பன்னிரண்டு.

"சாமி, இடது கையைத் தலைமேல வைங்க. இப்ப வளையத்தைச் சுத்துங்க."

சுற்றினார். மந்திரத்தைத் தொண்டை கிழியச் சொன்னார். மீட்டர் மசியவில்லை. பன்னிரண்டு.

"இப்ப யாரும் கண்ண மூடாதீங்க," என்று சொல்லி மருமகள் திருகை நகர்த்தினாள். ஐந்து. மந்திரமும் இல்லை, வளையமும் இல்லை. சிவப்பு எது, கறுப்பு எது என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துப் போர்டில் இணைத்தாள். மணிப் பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு மின்னியது. மாமியார் முகமும்.

மின்னானந்தர் பின்படி வழியாக இறங்கி மறைந்தார். கூட்டம் கொதித்தது.

"அத்தை, எங்க யாருக்கும் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று மருமகள் கைஜாடையில் கேட்டாள்.

"நீங்கல்லாம் அவன் வாயைக் கேட்டீங்க. எனக்கு அந்த வசதி இல்லையே, துணிக்கடியில அசைஞ்ச கட்டைவிரலைப் பாத்தேன்."

அதற்குள் மேனேஜர் மேசையடியில் குனிந்து, சிதறிக் கிடந்த வளையங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "எதுக்கும் ஒண்ணு இருக்கட்டுமே..."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காது கேக்காதவளுக்கு விளக்கு பண்ணிட்டே, சரி. கண்ண மூடுன்னதும் மூடிக்கிற இந்தக் கூட்டத்துக்கு எதைடி பண்ணுவே?"