கோட்டுக்காரருக்காக அழுத வீட்டிலிருந்து

பெருமதிப்பிற்குரிய மச்சானுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருந்தால் மிக்க மகிழ்ச்சி, குறையவில்லை என்றால் மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். இங்கே உங்கள் தங்கை நலம், உங்கள் மருமகன் நலம். மாடி வீட்டு பேங்க் கேஷியரும் எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரும் நலம். இருவரும் எங்கள் சோபாவிலேயே குடியிருப்பதால் குடும்பத்தோடு சேர்த்தே எழுதிவிட்டேன். என் நலத்தை நீங்கள் விசாரிக்கவில்லை. விசாரிக்காததைச் சொல்வது மரியாதை இல்லைதான், ஆனால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஒருவர்மேல் பொறாமை. வயிறு எரிகிறது என்று எழுதினால் நீங்கள் மாத்திரை அனுப்பி வைப்பீர்கள், இது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சட்டை வாங்கிக் கொடுத்து எல்லோரையும் ரசிகர்களாக்கி வைத்தீர்களே அந்த நீலச்சட்டை கால்பந்து அணி, அதன் மேனேஜர், முழங்கால்வரை கோட்டு மாட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் கையை ஆட்டிக்கொண்டே நிற்பாரே, அவர்மேல்தான். சீசன் பாதியில் அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை போன மனிதர்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பீர்கள். மச்சான், அதே செவ்வாய்க்கிழமைதான் எனக்கும் வேலை போயிற்று. இது உங்களுக்குத் தெரியாது.

குழாயும் ஷவரும் வாஷ்பேசினும் விற்கிற கடையில் என் காலம் எவ்வளவு போயிற்று என்று உங்களுக்கே தெரியும், உங்கள் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோதே நான் அங்கே மேனேஜர். அன்றைக்கு ஸ்டாக் சரிபார்க்க ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி கீழே நின்றபடியே, "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க, நாளையிலேருந்து வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். என் இடத்துக்கு வந்தவர் முதலாளியின் மச்சான். மச்சான் என்ற உறவையே நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். வாசல்வரை வந்து வழியனுப்பியது வாட்ச்மேன் ஒருவர்தான், அவரும் நான் எடுத்துப்போன குடை கடையுடையதா என்று பார்க்கத்தான் வந்தார்.

இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், உள்ளே இழவு விழுந்த மாதிரி அமைதி. உங்கள் தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். கேஷியர் தலையில் கையை வைத்திருக்கிறார். உங்கள் மருமகன், பிறந்ததிலிருந்து என்னிடம் பாசமாக ஒரு வார்த்தை பேசாதவன், எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டு, "அப்பா, கேள்விப்பட்டீங்களா, தூக்கிட்டாங்கப்பா" என்கிறான். நான் வாயைத் திறக்கும் முன்பே செய்தி வீடு வந்து சேர்ந்துவிட்டதே, இந்தக் குடும்பத்துக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. "பரவாயில்லப்பா, மனசைத் தேத்திக்கணும்" என்றேன். "எப்படிங்க தேத்திக்கிறது? எவ்வளவு உழைச்ச மனுஷன்! நன்றி கெட்டவனுங்க!" என்று உங்கள் தங்கை கேவினாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "விடும்மா, எனக்கு நீ இருக்கே" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, டிவி மறைக்குது" என்றாள். டிவியில் கோட்டுக்காரர் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நானும் சொன்னேன், மச்சான். சொல்லாமல் இல்லை. "என்னையும் எடுத்துட்டாங்க" என்றேன். "ஐயையோ" என்றாள் உங்கள் தங்கை. ஒரே ஒரு ஐயையோ. "சரி, கை கால் கழுவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம். கிளப்போட தலைவர் பேட்டி குடுக்கப் போறார்." அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அன்று நீங்களும் போன் செய்தீர்கள். தங்கையிடம் பேசினீர்கள், மருமகனிடம் பேசினீர்கள், உங்களுக்கு முன்பின் தெரியாத டிரைவிங் மாஸ்டரிடம்கூட கோல்கீப்பரின் கவனக்குறைவைப் பற்றிப் பேசினீர்கள். போன் சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்தபோது, "உங்களுக்குத்தான் இதிலெல்லாம் ஆர்வம் இல்லையே, அவகிட்டயே குடுங்க" என்றீர்கள். குடுத்தேன்.

அன்று ஆரம்பித்த விவாதம் ஓயவில்லை. அவரை ஏன் எடுத்தார்கள்? தடுப்பு ஆட்டக்காரர்களில் ஒருவரைக் குறைத்ததுதான் காரணம் என்கிறார் கேஷியர். கோல்கீப்பரை மாற்றாததுதான் என்று டிரைவிங் மாஸ்டர் சத்தியம் செய்கிறார். நட்சத்திர ஆட்டக்காரன் ஒருவன் உள்ளுக்குள்ளேயே குழி பறித்துவிட்டான் என்பது உங்கள் மருமகனின் கட்சி. "அவருக்கு வீட்ல ஏதோ மனக்கஷ்டம், முகத்தைப் பாத்தாலே தெரியலையா?" என்கிறாள் உங்கள் தங்கை. மச்சான், அந்த முகம் டிவியில் தீப்பெட்டி அளவு தெரிகிறது. என் முகம் அவளுக்கு எதிரே முழு அளவில், குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அவருக்காக ரசிகர்கள் மழையில் நின்று பாட்டுப் பாடுகிறார்கள். நிருபர்கள் மைக்கை நீட்டி, இப்போது மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காதில் புகை வருகிறது. என் மனநிலையும் அதேதான், கேட்கத்தான் ஆளில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. ஒருநாள் கேஷியர், "பாவம், கோட்டுக்காரருக்குக் கடைசி நிமிஷம்வரை ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. "தெரியாம எப்படி சார் இருக்கும்?" என்று ஆரம்பித்துவிட்டேன். "முதல்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து, 'இவர் சும்மா பாத்துக்கிட்டு இருப்பார்'னு பக்கத்துல உக்கார வைப்பாங்க. அப்புறம் ரூம் சாவியை, 'காப்பி எடுத்துட்டுத் தர்றோம்'னு வாங்குவாங்க, திரும்பி வராது. மீட்டிங்ல நாம பேசும்போது முதலாளி ஜன்னலைப் பாப்பார். நேத்துவரைக்கும் வணக்கம் வெச்ச பசங்க, நம்மளப் பாத்ததும் செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்குவாங்க. அந்தச் செருப்பு அவன் கால்லயேதான் இருக்கும்." டிரைவிங் மாஸ்டர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், இவ்வளவு நாளா வாயே தொறக்கலையே! உங்களுக்குள்ள இவ்வளவு ஃபுட்பாலா!" உங்கள் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் கோட்டு, எப்படித்தான் தாங்கினாரோ!" என்றாள். என் கஷ்டத்தை எடுத்து அவர் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள், மச்சான். வாழ்நாளில் இந்த அளவுக்கு வயிறெரிந்தது கிடையாது.

ஆகையால் தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் சொன்னால் இந்த வீட்டில் எடுபடும். அடுத்த முறை போன் செய்யும்போது, "உன் வீட்டுக்காரரை ஏன் எடுத்தாங்க?" என்று உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றவர்களிடமும் கேளுங்கள். ஒரே ஒரு நாள் என்னைப் பற்றி வாய் ஓயாமல் விவாதிக்கட்டும். அந்தக் கோட்டுக்குக் கிடைத்ததில் கால்வாசி கிடைத்தால்கூடப் போதும், அதன்பிறகு நிம்மதியாக வேறு வேலை தேடிக்கொள்வேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, சொந்தத் தொழில் செய்து, யாரும் எடுக்க முடியாத இடத்தில் உட்கார என் ஆசிகள். தங்களை ஆசீர்வதிக்கும் வயது எனக்கில்லை, பொறுமையாகப் படித்ததற்கு நன்றி மட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
முன்னாள் மேனேஜர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடி ஹாலுக்குப் போனேன். இந்த வாரம் ஆட்டம் எதுவும் இல்லாததால் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். கேஷியர் என்னைப் பார்த்து, "ஆமா சார், உங்களை ஏன் எடுத்தாங்க?" என்றார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. சட்டையைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைப்பதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிட்டார். "என்னைக் கேட்டா போன வருஷமே எடுத்திருக்கணும். ஒரு ஷவர் வாங்கலாம்னு போனேன். மனுஷனுக்குத் தண்ணி முதல்முதல்ல எப்படிக் குழாய்ல வந்துச்சுன்னு ஆரம்பிச்சார். நான் பக்கத்துக் கடையில வாங்கிட்டுத் திரும்பி வர்றேன், இன்னும் பேசிட்டிருக்கார்." டிரைவிங் மாஸ்டர், "அட்டாக்கே கிடையாது சார். உள்ள வர்ற கஸ்டமரைத் தடுத்து நிறுத்துறதுதான் இவரோட ஸ்டைல்" என்றார். "புது ஆள் வந்தப்புறம் வியாபாரம் ஏறியிருக்காம்" என்றான் நான் பெற்ற பிள்ளை. மச்சான், இவர்கள் எதையும் அரைகுறையாக விவாதிப்பதில்லை என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் தங்கை எழுந்தாள். "வாயை மூடுங்க எல்லாரும்! என் வீட்ல உக்காந்துக்கிட்டு எங்க ஆளைப் பத்தியா பேசுறீங்க? இவருக்கு எத்தனை ஆள் குடுத்தாங்க? ரெண்டே பேர்! ஒருத்தன் எப்பப் பாத்தாலும் முதுகு வலின்னு லீவு, இன்னொருத்தனுக்கு வாஷ்பேசினுக்கும் வாளிக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த டீமை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் கடையை ஓட்டினார்! ஜெயிச்சாலும் தோத்தாலும் இவர் எங்க ஆளு!" என்று கத்தினாள். கேஷியர் மாடிக்கே போய்விட்டார். அப்புறம் அவள் என் பக்கத்தில், ஒட்டியே, உட்கார்ந்து, மெதுவாக, "இருந்தாலும் அந்தக் குழாய்க் கதையை நீங்க கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்" என்றாள்.

எனவே மேலே கேட்டுக்கொண்டதை எல்லாம் அடித்துவிடவும். என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். போன் செய்தால் கோட்டுக்காரரைப் பற்றியே பேசவும். இந்த வீட்டில் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளையும் நான் இழுத்துக்கொண்டுவிட்டேன், அவரை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.