தொட்டித் தண்ணீரில் கடல் பயிற்சி

புதூர் வழி,
14-9-1997

மதிப்புக்குரிய மச்சான் அய்யாத்துரை அவர்களுக்கு, உங்கள் தங்கை உமாதேவியைக் கட்டிய பெருமாள்சாமி பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே உமா சுகம். அங்கே அக்காவும் மருமக்களும் உங்கள் லாஞ்சும் சுகமாக இருக்கச் செண்பகவல்லித் தாயாரை வேண்டுகிறேன். என் சுகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

காலாண்டு விடுமுறையில் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை உங்கள் லாஞ்சில் ஏற்றி, பக்கத்துத் தீவுகளைக் காட்டி, ஓர் இரவு அங்கேயே தங்கவைத்துத் திரும்பக் கூட்டிவருவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவன் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. இவர்களில் ஒருவர்கூடக் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் போன வாரம் ஒரு கார்டு போட்டீர்களே, அங்கே பிடித்தது எனக்குச் சனி. "தண்ணியில மல்லாக்க மிதந்து பழகாத ஆளை நான் ஏத்த மாட்டேன், அங்கனயே பழக்கிக் கூட்டிட்டு வாங்க" என்று இரண்டே வரி. மச்சான், கடலை வாசலில் வைத்துக்கொண்டு எழுத நன்றாகத்தான் இருக்கும். இங்கன எங்கய்யா இருக்கு தண்ணி? கண்மாய்க்குள்ள வெள்ளாடு மேயுது. கிணத்த எட்டிப் பார்த்தா கணுக்கால் மட்டும் தண்ணி, அதிலயும் ஒரு சாரைப்பாம்பு குடியிருக்கு. கார்டை உமாவிடம் காட்டினால், "எங்க அண்ணன் ஒண்ணு சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பருத்திக்கொட்டை ஆட்டப் போய்விட்டாள்.

இதற்கு நடுவில் பெற்றோரிடம் சம்மதம் வாங்க வேண்டும். ஆடு மேய்க்கிற மாடக்கண்ணு வீட்டுக்குப் போனேன். அவர் மகள் பொன்மணிதான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் வந்தால்தான் மற்றப் பெண்பிள்ளைகளையும் அனுப்புவார்கள். புயல் அடிக்குமா, சுறா வருமா என்று கேட்பார் என்று பதிலோடு போனேன். மனுசன் கேட்டது ஒரே கேள்வி: "தீவுல குடிக்கத் தண்ணி உண்டா சார்?" கிடையாது, நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்றேன். "குடிதண்ணி இல்லாத ஊரப் பாக்கவா போட்டு ஏறிப் போணும்? அது இங்கனயே இருக்கே" என்றார். ஒரு மணி நேரம் மன்றாடிச் சம்மதம் வாங்கினேன். மறுநாள் பார்த்தால் ஊரே சேர்ந்து, பிள்ளைக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுத்தனுப்புவதாக முடிவு பண்ணியிருக்கிறது. லாஞ்சு கவிழப் புயல் வேண்டாம் மச்சான், எங்க ஊர்க் குடமே போதும்.

சரி, தண்ணீர் கதைக்கு வருகிறேன். நாலு ஊர் அலைந்து கடைசியில் நந்தகோபால் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டியைக் கண்டேன். தீப்பிடித்தால் அணைக்கவென்று எப்போதும் விளிம்பு வரை நிரப்பி வைத்திருப்பார். கையைக் காலைப் பிடித்து, பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லி, நேற்றுச் சாயங்காலத்துக்கு அனுமதி வாங்கினேன். விளிம்புக்கு ஒரு முழம் குறைத்துக்கொள்ளச் சொன்னார், குறைத்தோம். வரிசையாக இறங்கணும், சத்தம் கூடாது, குதிக்கக் கூடாது என்று நூறு தடவை சொன்னேன். கேட்டால்தானே? இருபதும் ஒன்றாகக் குதித்து, கும்மாளம் போட்டு, தண்ணீர் நாலு பக்கமும் பொங்கி, பக்கத்துக் களத்தில் காயப்போட்டிருந்த தீப்பெட்டிக் கூடுகளுக்குள் பாய்ந்து, ஒட்டின பசையெல்லாம் விட்டு, ஒவ்வொரு கூடும் அட்டை அட்டையாகப் பிரிந்து மிதந்துபோகுது! பிள்ளைக மிதந்துச்சோ இல்லையோ, கூடு நல்லா மிதந்துச்சு. நந்தகோபால் அண்ணாச்சி ஓடிவந்து, "ஏமய்யா வாத்தியாரே, ஆளு இறங்கினா தண்ணி ஏறும்னு பாடம் நடத்துதது நீருதான? உமக்கே அது தெரியாதா?" என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

அது போதாதென்று, தண்ணீர் தெருவுக்கு வந்த சேதி எப்படித்தான் பரவியதோ, அந்தத் தெரு மாரித்தாய் தலைமையில் பத்துப் பொம்பளைகள் குடத்தோடு வந்துவிட்டார்கள். "ஆட்டுக்குக் காட்ட ஒரு வாளித் தண்ணியில்ல, இவரு பிள்ளையளக் குளிப்பாட்டி வெளையாடுதாரு. நல்லா இருப்பீரா நீரு?" என்று கேட்டுக்கொண்டே ஓடுகிற தண்ணீரைத் துணியில் ஒற்றி ஒற்றிக் குடத்தில் பிழிந்தார்கள். நான் சொட்டச் சொட்ட நின்றேன்.

ஆகையால் மச்சான், இந்தப் பயணமே வேண்டாம். அடங்காத பிள்ளைகளை நடுக்கடலுக்குக் கூட்டிப் போக என்னால் ஆகாது. லாஞ்சை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள். நாளைக்கு வகுப்பில் நானே சொல்லிவிடுகிறேன். அழுவார்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். அக்காவுக்கு என் வணக்கம், மருமக்கள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த படிப்போடும் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
அலைந்து ஓய்ந்த
பெருமாள்சாமி

பி.கு: போட்டுக்கார அண்ணாச்சிக்கு எட்டாம் வகுப்பு பொன்மணி வணக்கம். இந்த லெட்டரை ஒட்டித் தபால்பெட்டியில போடச் சொல்லி சார் எங்கிட்டதான் குடுத்தாவ. ஒட்டுததுக்கு முன்னாடி படிச்சிட்டேன், மன்னிச்சிருங்க. நாங்க யாருமே குதிக்கல அண்ணாச்சி. ஒவ்வொருத்தரா இறங்கினோம். பத்துப் பேரு சுவரைப் பிடிச்சிக்கிட்டு நிக்க, பத்துப் பேரு மிதந்தோம், அப்புறம் மாத்திக்கிட்டோம். இருபது பேரும் மிதந்தாச்சு. தண்ணி விளிம்பு வரைக்கும் வந்துச்சு, ஒரு சொட்டு வெளிய சிந்தல. விளிம்புல நின்னு எண்ணிக்கிட்டிருந்த சார்தான் வழுக்கி உள்ள விழுந்தாவ. அப்பதான் பொங்கிச்சு. அவியளுக்கு நீச்சல் தெரியாதுன்னு எங்களுக்கும் அப்பதான் தெரியும். நாலு பேரு சேந்து தூக்கினோம். வெளிய சொல்ல மாட்டோம்னு எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கோம், அதனால நீங்களும் சொல்லிராதீங்க. நனைஞ்ச கூட்டை எல்லாம் எங்க அம்மாமாரு இன்னைக்கே ஒட்டிக் குடுத்துட்டாங்க, முதலாளிக்குக் கோவம் போயிருச்சு. தொட்டியும் தாரேன்னு சொல்லிட்டாரு. சாரைக் கெஞ்சிக் கூத்தாடியாவது அதுல இறக்கி லீவுக்குள்ள மிதக்கப் பழக்கிருதோம். பவளம், சங்குன்னு வருசா வருசம் எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டுதாவ, அவிய ஒரு நாளும் கடலுக்குள்ள போனதில்ல. எங்களைவிட அவியளுக்குத்தான் ஆசை, பயத்துல வேண்டாங்காவ. லாஞ்சை வேற யாருக்கும் விட்டுராதீங்க அண்ணாச்சி. சாருக்குப் பதில் போடும்போது லெட்டர் வந்துச்சுன்னே எழுத வேண்டாம், "எல்லாரும் வாங்க, காத்திருக்கேன்"னு மட்டும் ஒரு கார்டு போடுங்க.