றிஜெக்ட் அண்ணை ஹெலிகொப்ரர் ஏறிய நாள்

உலகத்தைப் படைத்து முடித்த கையோடு கடவுள், "ஒருக்காப் பார்த்துச் சொல்லும்" என்று அதை றிஜெக்ட் அண்ணையிடம் கொடுத்திருந்தால், நீங்களும் நானும் இன்னும் பிறந்திருக்க மாட்டோம். மலைகள் ஒரே உயரத்தில் இல்லை என்று முழுவதையும் திருப்பி அனுப்பியிருப்பார்.

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை செய்தேன். அவர் அங்கே தரம் பார்ப்பவர். நாங்கள் செய்கிற ஒவ்வொரு துண்டும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். பாதி தாண்டாது. கண்ணில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் பார்ப்பார். பிறகு சிவப்பு ஒட்டுத்தாளை எடுப்பார். "றிஜெக்ட்" என்று சொல்லும்போது குரலில் கோபமே இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்கிற டொக்டரின் குரல் அது. அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது.

தொழிற்சாலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் தங்கையின் கல்யாண வீட்டில் வடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "ஓட்டை நடுவிலை இல்லை" என்றார். அடுத்ததையும் அப்படியே. ஏழு வடை றிஜெக்ட். ஏழையும் அவரே சாப்பிட்டார். "பிழையான சாமானைத் திரும்பக் கூட்டத்துக்குள்ளை விடக்கூடாது" என்பது காரணம்.

இப்படிப்பட்டவர் பனிச்சறுக்குப் பழகியது மகனுடைய பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போன இடத்தில். இரண்டு குளிர்காலத்தில், முன்பே சறுக்கித் திரிந்த எங்கள் எல்லோரையும் மிஞ்சினார். அவர் இறங்கிய தடத்தைப் பார்த்தால் ஒவ்வொரு வளைவும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருக்கும். நாங்கள் இறங்கிய இடம் மாடு உழுத வயல் போலக் கிடக்கும்.

ஹெலிகொப்ரரில் மலை உச்சிக்குப் போய், ஒருவரும் மிதிக்காத பனியில் சறுக்கி இறங்கவேண்டும் என்பது சேவியரின் ஆசை. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் இருக்கும் சேவியர், எங்களோடு வேலை செய்தவன், மன்னார்க்காரன். அதே தொழிற்சாலையில் வேலை செய்த குகனும் நானும் உடனே சம்மதித்தோம். அண்ணை மறுப்பார் என்று நினைத்தே கேட்டோம்.

"வாறன்," என்றார். "ஹெலிகொப்ரரைக் கிட்டப் பாக்கலாம்தானே."

அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

மொன்றியலில் ஆட்கள் அரைக் காற்சட்டையோடு திரிகிற மே மாதம், கனடாவின் மறு கரையில், மேற்கே உள்ள மலைகளுக்குப் போனோம். எங்கள் வழிகாட்டி இசபெல், எங்கள் கியூபெக் மாகாணத்தில் பிறந்த இளம்பெண். எங்கள் பிரெஞ்சைக் கேட்டதும் ஊர்ச்சனத்தைக் கண்டதுபோலச் சிரித்தாள். இந்த மாதத்துப் பனி காலையில் கண்ணாடி, பத்து மணிக்கு வெண்ணெய், மதியம் கூழ் என்று சொல்லித் தந்தாள். கூழாவதற்குள் இறங்கி முடிக்கவேண்டும்.

திரும்பிப் பார்த்தால், அண்ணை ரோச்லைற்றோடு ஹெலிகொப்ரரின் அடியில் கிடக்கிறார்.

வாலிலிருந்து மூக்குவரை பார்த்தார். ஸ்கீப் பலகைகளை வைக்கும் கூடையின் கொழுவியை இருபது தடவை திறந்து மூடினார். விமானியிடம் எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீர், காலையில் என்ன சாப்பிட்டீர் என்று விசாரித்தார். பொறுமைசாலியான அந்த மனிதர் பராமரிப்புப் புத்தகத்தையே எடுத்துக் கையில் கொடுத்தார். அதுதான் அவர் விட்ட பிழை. அண்ணை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நாற்பது நிமிடம் போனது.

"அண்ணை, உது உங்கடை மேசைக்கு வந்த சாமான் இல்லை. ஏறுங்கோ," என்றான் சேவியர்.

"எங்களிலை நாலு பேர் ஏறப்போறம். நாலு பேருக்கும் வீட்டிலை ஆள் பாத்துக்கொண்டிருக்கு," என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

ஒருவழியாகப் பறந்தோம். நாங்கள் சிகரங்களைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டார். செபிக்கிறார் என்று சேவியர் நினைத்தான்.

உச்சியில், சேவியர் குளிர்காலம் முழுக்கப் படத்தில் பார்த்து ஏங்கிய சரிவு, ஒரு பெரிய வெள்ளைச் சட்டியின் உட்புறம் போல எங்கள் முன்னால் கிடந்தது. இசபெல் எங்களை நிறுத்திவிட்டு, ஓரமாக ஒரு குழி வெட்டினாள். பனியின் அடுக்குகளைக் கையால் தடவினாள். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

அண்ணையும் தன்னுடையதை எடுத்தார்.

இரண்டு தலையும் குழிக்குள் போய்விட்டன. "இஞ்சை பாரும், இந்த அடுக்கு சீனி மாதிரி உதிருது," என்று அவர் பிரெஞ்சில் சொல்ல, "அதேதான், முசியு," என்று அவள் சொல்ல, தூரத்துச் சொந்தக்காரர் சந்தித்ததுபோல ஒரே கதை. அவள் ஒரு பனித்தூணை வெட்டி மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டினாள். மூன்றாவது தட்டில் மேல்பகுதி இழுத்த மேசை லாச்சிபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவள் தலையை ஆட்டினாள். இந்தச் சரிவு இல்லை, ஆள் மிதித்தால் முழுவதும் இப்படியே கழன்று போகும்.

சேவியர் முகம் கறுத்தது. "ஒரு சின்னப் பனிக்கட்டி விழுந்ததுக்கா? இவ்வளவு தூரம் வந்திட்டு?"

"அந்தப் பிள்ளை வேண்டாமெண்டால் வேண்டாம்," என்றார் அண்ணை.

"நீங்கள் கதையாதேங்கோ. கீழை நாப்பது நிமிசம் மினக்கெடுத்தினது நீங்கள். அதுக்குள்ளைதான் பனி இளகினது."

அண்ணை பூதக்கண்ணாடியை மெல்லத் துடைத்து உள்ளே வைத்தார். "இருக்கலாமடா," என்றார். அவர் தன் பிழையை ஒத்துக்கொண்டதை அன்றுதான் கேட்டேன். கேட்க நன்றாக இல்லை.

மலையின் மறுபக்கத்தில், வெயில் படாத சாதாரணச் சரிவில் இறங்கினோம். சாதாரணம் என்று சொல்கிறேனே தவிர, நான் வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை. குகன்கூடக் கூவினான். சேவியர் மட்டும் தனியே ஒதுங்கி இறங்கினான். அண்ணை அவனுக்குப் பின்னாலேயே, இடைவெளி விட்டு, அவனைத் தாண்டாமல் வந்தார்.

மதியம் திரும்பும்போது ஹெலிகொப்ரர் அந்த வெள்ளைச் சட்டியின் மேலாகப் போனது. சட்டி அங்கே இல்லை. முழுச் சரிவும் கழன்று விழுந்து, கறுத்த பாறை தெரிந்தது. அடியில் பஸ் அளவான பனிக்கட்டிகள் குவிந்து கிடந்தன. இசபெல் யன்னலோடு நெற்றியை ஒட்டி அதைப் பார்த்தாள். "நான் சொன்னேன்தானே" என்று கேட்க அண்ணைக்கு அன்றைக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் செய்ததெல்லாம், பக்கத்தில் இருந்த சேவியரின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்ததுதான்.

தரையில் இறங்கி, விசிறி நின்று, விமானி கதவைத் திறந்த பிறகும் அந்தப் பிடி விடவில்லை. ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத சேவியர், அந்தக் கை எடுபட்டுவிடுமோ என்று பயந்தவன்போல அசையாமல் இருந்தான். நாங்களும் அவசரப்படவில்லை.