முதல் வெடியின் மரியாதை

நாகரிகம் என்ற ஒன்று இங்கிலாந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், அதற்கு எங்கள் விட்டில்ஸ்டன் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக் கழகமே காரணம். செயலாளராகிய நானே இதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

எங்கள் தலைவர் மேஜர் ஸ்ட்ரட், தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்றுக்கு 'மறுவாழ்வு' அளித்தார். குழல்களுக்குள் இருந்த துருவை இரண்டு குளிர்காலம் சமையலறை மேஜையில் வைத்துத் தேய்த்தார். துரு போயிற்று. கூடவே இரும்பிலும் பெரும்பகுதி போயிற்று. குழல் கண்ணாடியாக மின்னியது. தடிமனும் ஏறக்குறையக் கண்ணாடியின் தடிமன்தான்.

அதை முதன்முதலாகச் சுடும் பெருமை யாருக்கு? கூட்டம் கூடியது. உறுப்பினர்கள் அனைவரும், "அதுக்கெல்லாம் எனக்குத் தகுதி ஏதுங்க?" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இவ்வளவு அடக்கத்தை நான் பாராளுமன்றத்தில்கூடப் பார்த்ததில்லை. அப்போதுதான் மேஜருக்குப் பெண்ணுரிமை ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காக விண்ணப்பித்துக்கொண்டிருந்த பல் மருத்துவர் ஹெஸ்டர் கிம்பிளை அன்றே முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்தோம். பலத்த கைதட்டல்.

ஞாயிறு காலை, தூறலில், மேஜர் குனிந்து வணங்கித் துப்பாக்கியை அவரிடம் நீட்டினார்.

"உங்களுக்குத்தான் முதல் மரியாதை, டாக்டரம்மா! வலதுகை விசையில, இடதுகை குழலுக்கு அடியில. நல்லா இறுக்கிப் பிடிங்க."

கிம்பிள் தோட்டாக்களைப் போட்டு மூடினார். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. தூரத்துக் கல்சுவருக்கு மேல் தொப்பிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

"எங்க போயிட்டீங்க எல்லாரும்?"

"மரியாதைக்காகத் தள்ளி நிக்கிறோம்!" என்று கத்தினேன் நான்.

"மேஜர், நீங்க சரி பண்ண துப்பாக்கிதானே? பக்கத்துல வந்து நில்லுங்களேன்."

"முழங்கால் வலிம்மா!"

"கை நல்லாத்தானே இருக்கு? நீங்களே சுடுங்க. நான் அந்தச் சுவருக்குப் பின்னால நின்னு மரியாதை பண்றேன்."

மேஜர் வானத்தைப் பார்த்தார். "மழை வலுக்கும்போல இருக்கே..."

"பல்லு புடுங்க எனக்கு ரெண்டு கையும் வேணும், மேஜர்" என்ற கிம்பிள், தோட்டாக்களை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். துப்பாக்கியைப் புல்லில் கிடத்திவிட்டுக் காரில் ஏறிப் போயே போய்விட்டார்.

"பொம்பளைங்களைச் சேத்தா இதான்!" என்றார் மேஜர். அவருக்கு மனம் மிகவும் புண்பட்டுவிட்டது.

வேறு வழியில்லை. பெண் உறுப்பினர் கிடைப்பதற்கு முன்பு இந்த வேலையைச் செய்துவந்த லாரி டயரையே உருட்டி வந்தோம். துப்பாக்கியில் வேறு தோட்டாக்களைப் போட்டு அதில் கட்டி, விசையில் கயிறு மாட்டி, சுவருக்குப் பின்னாலிருந்து இழுத்தோம். இடதுகை பிடிக்கும் இடத்தில் குழல் வெடித்துப் பிளந்தது. டயரில் பாதியைக் காணோம்.

அவசரக் கூட்டத்தில் டயருக்கு ஆழ்ந்த அனுதாபமும், டாக்டர் கிம்பிளின் 'நம்பிக்கையின்மை'க்குக் கடும் கண்டனமும் ஏகமனதாக நிறைவேறின. நல்ல டயருக்கு இனி நாங்கள் எங்கே போவது? ஆகவே, கழகத்தின் கதவுகள் பெண்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கும் என்பதை மகிழ்ச்சியோடு அறிவித்துக்கொள்கிறேன்.