சத்தமே போடாத சீமைக் கார்

கொற்கைக்குக் கப்பல் வந்த காலத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்த மகத்தான வாகனம் தன் அப்பாவின் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்தான் என்பது ஓய்வுபெற்ற தாசில்தார் தாணுமாலையனின் தீர்ப்பு. அந்த மகத்துவம் இப்போது வலது பின்சக்கரத்தில் காற்றில்லாமல் சாய்ந்து நின்றது.

மணிமுத்தாற்றுக்கு மேலே மலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன வண்டி. நாளை மகள் விஜயஸ்ரீக்கு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை இதில்தான் வருவார் என்று சம்பந்தி வீட்டில் ஆறு மாதமாகச் சொல்லியாகிவிட்டது. இருக்கைக்குப் பின்னால் புது பேட்டரி வைத்தாயிற்று. பெட்ரோல் ஊற்றியாயிற்று. பானட்டை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. துரை இன்ஜின்மேல் நம்மூர்க் கை படக் கூடாதென்பது காலமான அப்பாவின் உத்தரவு.

சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டினால் போதும். ஆனால் அதன் நடுவில் இரண்டு காது வைத்த பெரிய திருகு ஒன்று அசைய மறுத்தது.

"அப்பா ஒரே தட்டுல கழட்டிருவாக."

"நீங்க தட்டுதது இது நாப்பதாவது," என்றாள் மனைவி கோமு.

மேலப்பாளையத்துப் பஞ்சர் கடைக்காரர் பீர் மைதீன், எழுபதைத் தாண்டியவர், தேங்காயெண்ணெய் விட்டார். எண்ணெயில் சுத்தியல் வழுக்கி மட்கார்டில் பள்ளம் விழுந்தது. சூடு காட்டினால் இளகும் என்று தாணுமாலையன் கல்யாணச் சமையல்காரரின் கேஸ் பர்னரைப் பிடுங்கி வந்தார். பெயிண்ட் கொப்புளித்தது. இரும்புக் குழாயைக் கொடுத்து நெம்பினார்கள். திருகின் ஒரு காது வளைந்தது.

தாணுமாலையன் தரையில் உட்கார்ந்துவிட்டார். எட்டு வயதில் அப்பாவின் பக்கத்து இருக்கை. ஆனித் திருவிழாவுக்கு ரதவீதியில் கார் அன்னம் போல மிதந்து போகும். ஒரு சத்தம் இருக்காது. பின்னால் ஆறு பேர், மரியாதைக்குச் செருப்புக்கூடப் போடாமல், வெயிலில் வேர்த்து வடிய நடந்து வருவார்கள்.

"எப்பேர்ப்பட்ட காலம் வே," என்றார்.

"அதுல்லா காலம், அண்ணாச்சி," என்று பெருமூச்சு விட்டார் பீர் மைதீன்.

அதற்குள் கோமு தோசைத் திருப்பியோடு வந்தாள். ஐம்பது வருட ஆயுத பூசைச் சந்தனமும் குங்குமமும் திருகின்மேல் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தன. சுரண்டினாள்.

"இங்கன ஒரு அம்பு போட்டிருக்கு. நீங்க காலையிலேர்ந்து இறுக்கிக்கிட்டு இருக்கீய."

"அட, இந்தப் பக்கம் மரை தலைகீழா இருக்கு," என்றார் பீர் மைதீன்.

"எனக்குத் தெரியும்," என்றார் தாணுமாலையன். "நீங்க கண்டுபிடிக்கீயளான்னு பாத்தேன்."

அம்பு காட்டிய பக்கம் ஒரு மணி நேரம் அடித்ததில் திருகு கழன்றது. பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டினார்கள். தாணுமாலையன் ஏறி அமர்ந்து சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. வேறொன்றும் கேட்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீரா வே, சத்தம் வருதா? அப்பா காலத்துலயும் இப்படித்தான்."

"அப்பவும் இதேதான்," என்றார் பீர் மைதீன், கையைத் துடைத்தபடி. "நாளைக்கு ஆறு பேருக்குச் சொல்லியாச்சா, அண்ணாச்சி?"

"என்னத்துக்கு?"

"தள்ளத்தான். இன்ஜினைத் துரை கழட்டி வச்சுக்கிட்டுத்தான வண்டியக் குடுத்தாரு. பின்னால வலது ஓரம் தள்ளுனது எங்க வாப்பா."