வளரும் வரிசையும் வராத குழாயும்

ஒரு தண்ணீர்க் குழாய்க்காக உலக நாடுகள் அத்தனையையும் சாட்சிக்கு இழுத்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் மந்தாரக்குப்பத்தில் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'உலகம்'. "உலகம் எழுந்தாச்சா?", "உலகத்துக்கு இன்னிக்கு செகண்ட் ஷிப்டு" என்றுதான் பேச்சே நடக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் மந்தாரக்குப்பத்தில்தான் காத்துக்கிடப்போம். எங்கள் காம்பவுண்டில் இரண்டு வரிசை வீடுகள். வடக்கே முன்வரிசை, அதில் நாங்கள் பர்மனென்ட் ஆட்கள், வாசலில் குழாய். தெற்கே பின்வரிசை; அதில் கான்ட்ராக்ட் ஆட்கள், வாசலில் ஒரு முருங்கை மரம். அந்த மரத்துக்கும் தண்ணீர் கிடையாது.

உலகம் பி.ஏ. எகனாமிக்ஸ். சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில் அந்தப் பட்டத்துக்கு மாலை போட்டார்களாம். இங்கே ஒரு கான்ட்ராக்டர் அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அள்ளச் சொன்னார். ஷிப்டு முடிந்து வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். அந்தக் கோலத்தோடு வாளியை எடுத்துக்கொண்டு முன்வரிசைக் குழாயடியில் வந்து நிற்பார்.

குழாயின் சர்வாதிகாரி எங்கள் சூப்பர்வைசர் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர். தான் குளித்து, தன் சைக்கிளையும் குளிப்பாட்டிய பிறகுதான் பின்வரிசைக்கு ஆளுக்கொரு வாளி அனுமதிப்பார். வாளியோடு புத்திமதியும் உண்டு. "சிக்கனமா இருக்கணும் வே. பிள்ளை குட்டியளக் கொறச்சுக்கிடணும். அப்பத்தான் முன்னேற முடியும்" என்பார். பணக்கார நாடுகள் கோதுமையோடு அனுப்பும் அறிவுரை போலவே இருக்கும். உலகம் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும் அண்ணாச்சி எங்களைப் பார்த்துக் கண்ணடித்து, "மூணாம் உலகம் போகுது பாத்தியளா?" என்பார். நாங்களும் சிரிப்போம். 'மூணாம்' நாளடைவில் தேய்ந்து, 'உலகம்' மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தார்.

"மூணாவதுன்னு யாருங்க எண்ணினது?"

"பேப்பர்லயே போட்டிருக்கான் வே."

"எண்ணினவன் எங்கேர்ந்து எண்ண ஆரம்பிச்சான்? அவன் வூட்லேர்ந்துதானே? எங்க வூட்லேர்ந்து எண்ணிப் பாருங்க. நீங்கதான் கடைசி."

சொன்னதோடு விட்டாரா? மறுநாள் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி, காம்பவுண்டில் இருந்த எல்லாக் கதவு எண்களையும் தலைகீழாக மாற்றிவிட்டார். அவர் வீடு ஒன்று, அண்ணாச்சி வீடு பத்து. அந்த வாரம்தான் பால்காரரும் புதிதாக மாறியிருந்தார். கதவு எண்ணைப் பார்த்து எங்கள் பாலையெல்லாம் பின்வரிசையில் ஊற்றிவிட்டுப் போனார். அண்ணாச்சி பால் இல்லாத காப்பியைக் குடித்துவிட்டு யார்மேலும் பாயத் தயாராகத் திரிந்தார். எனக்குத் தெரிந்து உலகப் பொருளாதாரம் திருத்தி அமைக்கப்பட்டது அந்த ஒரு வாரம்தான்.

ஆனால் உலகத்துக்கு இது விளையாட்டில்லை. அவர் மனைவி பிரசவத்துக்காகச் சேத்தியாத்தோப்பில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். பெண் குழந்தை பிறந்திருந்தது. பின்வரிசைக்குக் குழாய் வந்தால்தான் பிள்ளையோடு வருவேன் என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், பக்கத்திலேயே சுரங்கத்தில் ராப்பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். அந்தத் தண்ணீரும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வாய்க்கால் வழியே சேத்தியாத்தோப்புப் பக்கம்தான் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். உலகம் குழாய் கேட்டார். அன்று அண்ணாச்சிக்கே மனம் இளகிவிட்டது. "பாவம், ஏழை வரிசை. ஒரு கொழாயப் போட்டுத்தான் குடுங்களேன்" என்றார். வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். ஆட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அத்தோடு உலகம் கும்பிடு போட்டிருக்கலாம். போடவில்லை.

"இருங்க. யாரு ஏழை?"

"சரி வே, பின்தங்கின வரிசைன்னு வச்சுக்கிடுவோம்."

"நாங்க எங்கங்க தங்கினோம்? கொழாய்கிட்ட வராம நீங்க தடுத்துகினு இருக்கீங்க. இப்பல்லாம் படிச்சவங்க வடக்கு, தெற்குன்னு சொல்றாங்க. வடக்குன்னா வசதி. தெற்குன்னா வசதி இல்லாதது. நாங்க தெற்கு வரிசை."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னவே சொல்லுதீரு? தெக்கத்தியான்னா வக்கத்தவனா? எங்க தாமிரபரணியப் பாத்திருக்கீரா நீரு?"

தெற்குக்காக ஒரு மணி நேரம் போனது. தண்ணீர் விஷயம் தாமிரபரணியோடு போயே போய்விட்டது. கடைசியில் உலகமே ஒரு பெயர் சொன்னார். "வளரும் வரிசை!" அண்ணாச்சி கை தட்டினார். எல்லோரையும்விட வேகமாகத் தட்டியவர் வீட்டுக்காரர். குழாயைவிடப் பெயர் மலிவு என்பது அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அடுத்த வாரமே வீட்டுக்காரர் 'வளரும் வரிசை' என்று பலகை எழுதி வந்து, தேங்காய் உடைத்துப் பின்வரிசைச் சுவரில் மாட்டினார். உலகம் அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தார். ஒரு மாதம் கழித்துக் குழாய் என்னாயிற்று என்று கேட்டபோது வீட்டுக்காரர் பலகையைக் காட்டினார்.

"அதான் வளரும்னு போட்டிருக்கே தம்பி. நீங்க வெச்ச பேருதானே? வளரட்டும், என்ன அவசரம்?"

பேச்சில் யாரிடமும் தோற்காத மனிதர் அன்று பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார். கரி வேலை செய்தவர்களில் முகம் வெளுத்து நான் பார்த்தது அவரை மட்டும்தான்.

பலகை மாட்டிய சந்தோஷத்தில் அவர் 'எல்லாம் ஆயிடுச்சி, வா' என்று ஊருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அதை நம்பி அந்த அம்மாள் கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முருங்கை மரத்தடியில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"கொழாய் எங்க?"

உலகம் பலகையைக் காட்டி, முதல் உலகத்திலிருந்து தொடங்கி விளக்கினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். நாங்கள் அவரவர் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

"பெத்த புள்ளைக்கு இன்னும் பேரு வெக்கல. நீ செவுத்துக்குப் பேரு வெச்சிகினு இருந்தியா?"

அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். இரண்டு நாளில் உலகமும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே திசையில் போனார். போகும்போது பலகையைக் கழற்றித் தரும்படி வீட்டுக்காரரைக் கேட்டாராம். அவர் தரவில்லை. குழாய் கேட்டவர்களிடமெல்லாம் காட்ட அந்தப் பலகை அவருக்கு வெகுகாலம் உதவியது. பின்வரிசைக்குக் குழாய் மட்டும் நான் இருந்த வரைக்கும் வரவில்லை.

சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் ஆட்களிடம் விசாரிப்பேன். மாமனார் வயலில் விவசாயம் பார்க்கிறார் என்றார் ஒருவர். "வாய்க்கால்ல பொண்ணைக் குளிப்பாட்டிகினு இருப்பாருங்க. உலகம்னு கூப்டா திரும்பறதில்ல" என்றார். சுரங்கத்திலிருந்து போகும் அதே வாய்க்கால்தான்.

எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று என்று வீடெல்லாம் குழாய். ஏழை நாடுகளுக்குப் பேப்பரில் புதுப் பெயர் ஏதாவது கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். எழுந்து போய்த் தோட்டத்துக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு நிற்பேன். தண்ணீர் வீணாகிறது என்று என் மனைவி உள்ளேயிருந்து கத்துவாள். வாய்யா உலகம், வந்து ஆசை தீரக் குளி, யாரும் உனக்குப் பேர் வைக்க மாட்டார்கள்.